திருப்பூர் லைன் சூப்பர்வைசர் வகுப்பு: ஆளை அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் முதல் நாள் காலையை நம்பி அனுப்ப வேண்டாம். இரண்டாம் நாளுக்காக அனுப்புங்கள். பனியன் கம்பெனியில் டெய்லராகவோ செக்கிங்கிலோ இருந்துவிட்டு, புதிதாக லைன் (வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும் பகுதி) பார்க்க வந்திருக்கும் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கான வகுப்பு இது. திருப்பூர் அவிநாசி ரோட்டுப் பக்கம், தமிழிலேயே நடக்கிறது. ஒரு தடவைக்கு 20 பேர். முதல் நாள் ஹாலில், இரண்டாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும் லைனில். ஒரு மாதம் கழித்துக் கம்பெனிக்கே வந்து அரை நாள் பார்க்கிறார்கள். மனிதருக்கு என்ன தேவை, எதனால் ஒருவர் மனம் வைத்து வேலை செய்கிறார் என்பதுதான் பாடம்.

முதல் நாள் காலை முழுவதும் உளவியலாளர் மாஸ்லோவின் ஐந்தடுக்கு முக்கோணத்துக்கே போய்விடுகிறது. அடியில் சோறு தண்ணீர், அதற்கு மேல் பாதுகாப்பு, பிறகு உறவு, மதிப்பு, உச்சியில் தன் திறமை முழுவதும் வெளிப்படுவது. கீழ்த்தட்டு நிரம்பினால்தான் மேல்தட்டு என்று பயிற்சியாளர் அடித்துச் சொல்கிறார். அப்படிச் சொல்ல மாஸ்லோவிடமே இடமில்லை. 1943-இல் வந்த அவருடைய கட்டுரையில் முக்கோணப் படம் கிடையாது. படம் பின்னால் வந்தவர்கள் போட்டது. இந்த வரிசை அவ்வளவு இறுக்கமானதல்ல என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டில் இதைச் சொல்லிக் கொடுக்கப் படமே தேவையில்லை. வாரக்கூலிக்கு வேலை பார்க்கிறவர், அக்கா மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்யக் கடன் வாங்குகிறார். வயிறு நிறைந்த பிறகா அவர் மதிப்பைத் தேடுகிறார்? இது தெரியாத சூப்பர்வைசர், “லீவு போட்டா கூலி வெட்டு” என்று மிரட்டினால் ஆள் நின்றுவிடுவார் என்று நினைக்கிறார். சீருக்குப் போகிறவர் கூலி போனாலும் போவார். ஒரு வாரம் முன்பே பயமில்லாமல் சொல்லும்படி பழகியிருந்தால், அந்த மெஷினுக்கு வேறு ஆளைப் பழக்கிவிடலாம். வகுப்பில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணக் கொள்கையை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அதுவே போதும். ஃபேன், கழிப்பறை, நேரத்துக்குக் கூலி: இவை இல்லாவிட்டால் வெறுப்பு வரும், இருந்தால் வெறுப்பு போகும், அதனால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது என்பது அதன் சாரம். 1959-இல் அது வெளிவந்தபோது ஆதாரமாக இருந்தவை பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் இருநூறு பேரின் பேட்டிகள். பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அவருக்குக் கூலி என்பது ஒவ்வொரு பண்டலிலும் (தைக்க வரும் துணிக் கட்டு) கண்ணெதிரே ஏறுகிற கணக்கு.

மதியம் நடக்கும், அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலை ஆய்வுகளைப் பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது. சிகாகோவை ஒட்டிய அந்த ஆலையில் 1931, 1932-இல் கம்பி இணைக்கும் பிரிவின் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம் என்ற ஏற்பாடு இருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதைத் தாண்டியவரைக் கூட இருந்தவர்களே கேலி செய்து அடக்கினார்கள். பனியன் கம்பெனியில் புது ஸ்டைல் ஏறும்போது நடப்பதும் இதுதான். முதல் இரண்டு நாள் வேகமாக ஓட்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லோரும் கை மெதுவாக்குவார்கள். புது சூப்பர்வைசர் அதைச் சோம்பல் என்று படித்துக் கத்துவார், இன்னும் மெதுவாகும். ரேட் முடிவானதா, எப்போது முடிவாகும் என்று முதல் பண்டல் ஏறும் முன்பே இன்சார்ஜிடம் கேட்டு வந்து லைனில் சொல்லிவிட வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு யோசனையே பெரிது.

இரண்டாம் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தருகிறார்கள். நான்கு கட்டம்: என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து, சரிசெய்வது என் கையில் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் போக வேண்டும். உதாரணமாக, சைடு (பக்கத் தையல்) அடிக்கும் டெய்லரின் வேகம் மூன்று மணிக்குப் பிறகு இறங்குகிறது. அவரிடம் பேசும் முன் கால் மணி நேரம் தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறார்கள். பண்டலுக்காகக் காத்திருக்கிறாரா? நூல் அடிக்கடி அறுகிறதா? கைமடி ஆள் (டெய்லருக்குக் கூட உதவுபவர்) வேறு இடத்துக்கு இழுக்கப்பட்டாரா? பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளை வீடு சேர்ந்ததா என்ற கவலையா? கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கச் சங்கடப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறாரா? கடைசிக் காரணம் பெண்கள் அதிகம் இருக்கும் லைனில் சாதாரணமாக நடப்பது. இளம் ஆண் சூப்பர்வைசரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அனுமதி கேட்கும் வழக்கத்தை எடுத்துவிட்டு, பக்கத்து மெஷினில் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று வைத்தால் அந்தப் பேச்சே தேவைப்படாது.

திருத்தும் முறையும் அருமை. தையல் விலகினால் போர்டுக்கு முன்னால் நின்று பெயர் சொல்லக் கூடாது. மெஷின் பக்கத்தில் போய்ப் பீஸைக் கையில் கொடுத்து, “அக்கா, இதுல எங்க விலகுதுன்னு பாருங்க” என்று கேட்க வேண்டும். அவரே கண்டுபிடிக்கட்டும். மூன்று பீஸ் ஓட்டட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான். குறை சொல்ல மட்டும் வந்து நிற்பவரைக் கண்டாலே கை நடுங்கும், இன்னும் விலகும். இருபது வருடம் மெஷின் ஓட்டியவரை மகன் வயதில் ஒருவர் வேலை வாங்குவதற்கு, ‘ங்க’ போட்டுப் பேசுவதோடு அவருடைய கைப்பழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் வேண்டும். உளவியலாளர்கள் டெசி, ரையன் சொல்லும் மூன்று தேவைகளான தன் விருப்பம், கைத்திறன், சேர்ந்திருத்தல் எல்லாம் இந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்குகின்றன.

குறைகள் சின்னவை அல்ல. ஒடிசா, பீகார், ஜார்கண்ட்டிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊரில், நடித்துக் காட்டும் பயிற்சி அனைத்தும் தமிழ் பேசும் டெய்லரை வைத்தே நடக்கிறது. ‘ஊசி உடைந்தது’, ‘பண்டல் இல்லை’, ‘உடம்பு சரியில்லை’, ‘சம்பளத்தில் சந்தேகம்’ என்று இருபது வரியை இந்தியிலும் ஒடியாவிலும் தமிழ் எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். பண்டிகைக் கணக்கும் இல்லை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை. பீகார்க்காரர்கள் ஊருக்குப் போய் அதை முடிக்காமல் திரும்ப மாட்டார்கள். ஜூன் நடுவில் ஒடிசாவின் ரஜ பண்டிகை. இவற்றைப் பொங்கலோடும் ஊர் மாரியம்மன் நோம்பியோடும் ஒரே காலண்டரில் குறித்து வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

வருகை போனஸைப் பற்றிய பாடம் தவறாகவே இருக்கிறது. மாதம் முழுக்க வந்தால் ஒரு தொகை, ஒரு நாள் விட்டால் மொத்தமும் போச்சு என்ற முறையை நல்ல ஊக்கம் என்று காட்டுகிறார்கள். எட்டாம் தேதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றவருக்கு, ஒன்பதாம் தேதியிலிருந்து அந்தப் போனஸால் எந்தப் பிடிப்பும் கிடையாது. அதே தொகையை வாரத்துக்கு ஒரு பங்காகப் பிரித்துச் சனிக்கிழமைக் கூலியோடு சேர்த்தால், போனது ஒரு வாரம் மட்டுமே. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம் தரும் உரிமை. அதைப் பரிசுகளின் பட்டியலில் சேர்த்துச் சொல்வதையும் நிறுத்த வேண்டும்.

அந்த நான்கு கட்டத் தாள் கடைசியில் கம்பெனி எச்ஆர் கைக்குப் போகிறது. ஆகவே குடும்பக் கஷ்டம், உடல்நலம், கடன் எதையும் பெயரோடு அதில் எழுதக் கூடாது என்று அனுப்பும் முன்பே உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள். நம்பிச் சொன்னது ஆபீஸில் பேச்சாகிவிட்டால், அதன் பிறகு அந்த லைனில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து வரும்போது உற்பத்தி எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறார்கள். ஆர்டர் மாறினாலே அது மாறும். ஆல்ட்ரேஷன் (திரும்பத் திருத்த வந்த பீஸ்) எத்தனை, சொல்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர், வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று முந்தைய மாதக் கணக்கையும் நீங்களே எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

லைன் பார்த்து மூன்று மாதமாவது ஆனவரை அனுப்புங்கள். அதற்கு முன் போனால் கேட்கக் கேள்வியே இருக்காது. ஃப்ளோர் இன்சார்ஜையும் இரண்டாம் நாளுக்காவது கூட அனுப்ப வேண்டும், ஏனென்றால் தாளின் மூன்றாம் கட்டத்தில் ‘என் கையில் இல்லை’ என்று வருபவை பெரும்பாலும் அவர் கையில் இருப்பவை. திங்கள், செவ்வாயில் நடக்கும் வகுப்பு வேண்டாம். வாரக்கூலி வாங்கிய மறுதிங்கள்தான் ஆள் குறைவாக வரும் நாள், சூப்பர்வைசர் லைனில் இருந்தாக வேண்டும். புதன், வியாழன் வகுப்பாகக் கேட்டு வாங்குங்கள். தீபாவளி ஷிப்மெண்ட் நெருக்கும் வாரங்களில் வேண்டவே வேண்டாம்.