லட்சத்தீவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: பெங்களூருவில் நாங்கள் ஏமாந்த விதம்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு விளம்பரம் வந்தது. 'லட்சத்தீவு, நான்கு இரவு ஐந்து பகல், மே மாதப் பள்ளி விடுமுறைச் சலுகை' என்ற தலைப்பும் அதன் கீழிருந்த பயணத் திட்டமும், எழுத்துப்பிழைகள் உட்பட, 2025 மே மாதம் எங்களுக்கு விற்கப்பட்டவைதான். நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே மாறியிருந்தன. குழுவில் மூன்று குடும்பங்கள் விசாரிக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்த பிறகு, ஏமாந்ததைச் சொல்லிக்கொள்வதில் உள்ள வெட்கத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குச் சென்று வந்த படங்கள் பரவியதிலிருந்தே என் மகள் அந்த நீலக் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அல்சூர் பகுதியில் மாடியில் ஓர் அறை வைத்து நடத்திவந்த அந்தப் பயண முகவரைத் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் போய்ப் பார்த்தோம். அந்த முகவர் தமிழர், என் மாமியாரை 'அம்மா' என்று அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார், "நம்ம ஊர்க்காரங்க சார், உங்களுக்குன்னா விலையைக் குறைச்சே போட்டுத் தரேன்" என்றார். பெங்களூருவில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்தும் இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் மயங்குகிறேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்கு பேருக்கு, விமானக் கட்டணம் நீங்கலாக, 1,72,000 ரூபாய். அகத்தி தீவில் இரண்டு இரவு, அங்கிருந்து விரைவுப் படகில் கட்மத் தீவு, அங்கே ஓர் இரவு, மீண்டும் அகத்தி, கடைசி நாள் காலை எல்லோருக்கும் ஸ்கூபா (மூச்சுக் கருவியோடு கடலுக்கடியில் நீந்துவது), நண்பகல் விமானம் என்பது திட்டம். 'அனுமதிச் செலவு' என்று ஆளுக்கு 4,500 ரூபாய் அந்தத் தொகைக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தது. முதல் ஒரு லட்சத்தை யூபிஐ வழியாக அனுப்பியபோது திரையில் தெரிந்த பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாமல் யாரோ ஒரு பெண்மணியின் பெயராக இருந்தது. கேட்டதற்கு, நிறுவனக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் தம் உறவினரின் கணக்கில் வாங்குவதாகச் சொன்னார். கணக்குத் துறையில் வேலை பார்க்கும் நான் அந்த விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டினேன்.

லட்சத்தீவைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே 36 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை பத்து மட்டுமே. தீவைச் சேராத சுற்றுலாப் பயணி எவரும் நுழைவு அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது. எந்தெந்தத் தீவுக்குச் செல்லலாம் என்பது அந்த அனுமதிச் சீட்டிலேயே பெயரிட்டு எழுதப்பட்டிருக்கும். அதற்கு அரசு வாங்கும் கட்டணம் ஆளுக்குச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதும், நிர்வாகத்தின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம் என்பதும் எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தன.

மே 17 அன்று கொச்சியிலிருந்து விமானம். அனுமதிச் சீட்டு எங்கள் கைக்கு வந்தது மே 15 இரவு பதினொரு மணிக்கு, மீதி 72,000 ரூபாயைக் கட்டி முடித்த பிறகு. "பேலன்ஸ் வந்தாத்தான் சார் பர்மிட் ரிலீஸ் ஆகும்" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு பெயர்களும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, பெட்டியை எடைபோடப் போய்விட்டேன்.

அகத்தி அழகான தீவு. சுமார் ஏழு கிலோமீட்டர் நீளமும், பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய அகலமும் கொண்ட தென்னஞ்சோலை அது. தங்கும் வீட்டின் உரிமையாளரை எல்லோரும் இக்கா (அண்ணன்) என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். என் மாமியாருக்கு முழுச் சைவ உணவு ஏற்பாடு செய்திருப்பதாக முகவர் சொல்லியிருந்தார். காய்கறியெல்லாம் கப்பலில் வந்து இறங்க வேண்டிய அந்தத் தீவில், அப்படி ஒருவர் வருவதாக இக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் மனைவி தேங்காய்த் துவையலும் பருப்பும் சோறுமாக ஐந்து நாளும் சமாளித்தார். குறை சொல்ல வேண்டிய இடம் அந்த வீடு அல்ல.

மூன்றாம் நாள் காலை பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கட்மத் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இக்கா அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னார். கைபேசித் திரையைப் பெரிதாக்கி, தீவின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். 'அகத்தி' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே அங்கே இருந்தது. பிறகு, சற்றுத் தயங்கி, மலையாளம் கலந்த தமிழில் அடுத்த செய்தியையும் சொன்னார்: தீவுகளுக்கு இடையே ஓடும் விரைவுப் படகுகள் மழைக்காலத்தை முன்னிட்டு மே மாத நடுவில் நிறுத்தப்பட்டால், செப்டம்பர் நடுவுக்குப் பிறகுதான் மீண்டும் ஓடுமாம். இல்லாத படகில், அனுமதி இல்லாத தீவுக்கு எங்களுக்குப் பயணம் விற்கப்பட்டிருந்தது. (அந்த ஆண்டு மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது.) கட்மத்தில் தங்குவதாகத் திட்டத்தில் இருந்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசினோம், எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். இக்காவுக்கும் முகவர் இரண்டு இரவுக்கு மட்டுமே பணம் அனுப்பியிருந்தார். மீதி இரண்டு இரவுக்கும் உணவுக்கும் 12,000 ரூபாய் நான் கொடுத்தேன். அவர் கேட்ட தொகை அதைவிடக் குறைவு.

பணத்தைவிட என்னை நடுங்கவைத்தது ஸ்கூபா விஷயம்தான். கடைசி நாளுக்கு முந்தைய மாலை, உள்ளூர் ஸ்கூபா பயிற்றுநர் ஒருவரிடம் திட்டத்தைக் காட்டி நேரம் கேட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நாளைக்கு ஃப்ளைட் எப்போ?" என்று கேட்டார். நீருக்கடியில் மூச்சுவிடும்போது அழுத்தத்தால் உடலில் நைட்ரஜன் கரைகிறது. அது வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், குமிழிகளாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். ஒரே ஒரு முறை முங்கினாலும் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முங்கினால் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. எங்கள் திட்டத்திலோ இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதுவுமன்றி என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கடலில் அறிமுக ஸ்கூபாவுக்குப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லி, எவ்வளவு கொடுத்தாலும் அழைத்துப்போக மாட்டேன் என்றார். முகவர் அவளுக்கும் சேர்த்தே 3,500 ரூபாய் வாங்கியிருந்தார். அன்று அந்த மனிதர் பணத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

பெங்களூரு திரும்பிய மறுநாளே அல்சூர் அலுவலகத்துக்குப் போனேன். "கடல் நம்ம கையிலயா சார் இருக்கு?" என்று கேட்டு, ரசீதின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த 'சேவைகள் கிடைப்பதைப் பொறுத்து' என்ற வரியைக் காட்டினார். அந்த ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன். அடுத்த மாதம் போனபோது அறை பூட்டியிருந்தது. கீழே கைபேசிக் கடை வைத்திருப்பவர், காலி செய்து பத்து நாளாகிறது என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்து, வழக்கறிஞர் வழியாக அறிவிப்பும் அனுப்பிய பிறகு 40,000 ரூபாய் திரும்ப வந்தது, அதுவும் வேறொரு தனிநபர் கணக்கிலிருந்து. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். இதே ஆளிடம் ஏமாந்து சும்மா இருப்பவர்கள் யாரேனும் இருந்தால் இந்தக் காலக்கெடுவை மனத்தில் கொள்ளுங்கள்.

குழுவில் விசாரித்த மூன்று குடும்பங்களுக்கும் நான் தனியே சொன்னது இதுதான்: லட்சத்தீவு போக வேண்டுமானால் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். 1982-இல் தொடங்கப்பட்ட, 'ஸ்போர்ட்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசு சார்ந்த சங்கமே சுற்றுலாத் திட்டங்களை நடத்துகிறது. முதலில் அங்கே கேளுங்கள். முகவர் வழியாகத்தான் போவீர்கள் என்றால், தீவின் பெயர்கள் எழுதிய அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை பாதிக்கு மேல் பணம் கொடுக்காதீர்கள். அதையும் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். விளம்பரத்தின் படமும் எங்கள் பழைய திட்டத்தின் படமும் என்னிடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.