கார்டை நீக்கினாலும் பணம் போகும், கவனம்!

ஷாப்பிங் ஆப்பில் கார்டை ‘ரிமூவ்’ செய்தாச்சு, இனி பயமில்லை என்று இருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். ஆப்பில் அழித்தது அழிந்தது என்று நம்ப வேண்டாம். வங்கிப் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் பென்ஷன் கணக்கு டெபிட் கார்டு ஒரு ஷாப்பிங் ஆப்பில் சேமிக்கப்பட்டிருந்தது. மிக்ஸி ஜார் ஆர்டர் செய்யும்போது ‘முதல் மாதம் இலவசம், டெலிவரி ஃப்ரீ’ என்று ஒரு மெம்பர்ஷிப்பை நீட்டியிருக்கிறார்கள். பணம் கட்ட வந்த ஓடிபியிலேயே ஆட்டோபேக்கும், அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கும், சேர்த்துச் சம்மதம் வாங்கியாயிற்று. மாதம் முடிந்ததும் ₹499 போய்விட்டது. “ஏம்ப்பா, நான் எதுவும் வாங்கலையே?” என்று அம்மா மெசேஜைக் காட்டியபோதுதான் விஷயமே தெரிந்தது.

கார்டை நீக்கப் போனால் பட்டன் மங்கலாகக் கிடக்கிறது. ‘இந்தக் கார்டு உங்கள் மெம்பர்ஷிப்புடன் இணைந்துள்ளது. வேறு கார்டைச் சேர்த்தபின் நீக்கவும்.’ திருடனை வெளியே அனுப்ப இன்னொருவனை உள்ளே விடச் சொல்கிறார்கள்! மெம்பர்ஷிப்பை ரத்து செய்யப் போனால், ‘சலுகைகளை இழக்கச் சம்மதமா?’ என்று பக்கத்துக்குப் பக்கம் கேள்வி. ‘இருக்கட்டும்’ என்பது பெரிய மஞ்சள் பட்டன். ‘ரத்து செய்’ என்பது அதன் கீழே பொடி எழுத்தில். இப்படி வலையில் மாட்டிவைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடைசெய்துவிட்டது. தடை தாளில் இருக்கிறது, பட்டன் ஆப்பில் இருக்கிறது.

ஒருவழியாக ரத்து செய்து, கார்டையும் நீக்கினேன். அடுத்த மாதமும் ₹499 போனது. சாட்டில் கேட்டால், “சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், உங்க அக்கவுண்ட்ல கார்டே இல்லையே சார்” என்கிறார்கள்.

அவர்கள் சொன்னதும் உண்மைதான். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் நம் முழு கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதி. அதற்குப் பதிலாக டோக்கன், அதாவது கார்டு எண்ணுக்கு மாற்றாக ஒரு குறியீடு. ஆட்டோபே அனுமதியோ வங்கியில் தனியாகப் பதிவாகிறது. எங்கள் விஷயத்தில் ஆப்பில் கார்டு போய்விட்டது, வங்கியில் அந்த அனுமதி உயிரோடு இருந்தது. முதல் முறை ஓடிபி கொடுத்துவிட்டால் பிறகு ₹15,000 வரை கேட்காமலே எடுக்கலாம்.

ஆகவே வங்கி ஆப் அல்லது நெட்பேங்கிங்கில் கார்டு பகுதிக்குள் போய், டோக்கன் பட்டியலையும் ஆட்டோபே பட்டியலையும் தேடுங்கள். ‘இ-மேண்டேட்’, ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஏதாவது பெயரில் இருக்கும். எந்தெந்தக் கடையில் கார்டு பதிவாகியிருக்கிறது என்று பார்க்கவும் நீக்கவும் வசதி தருவது வங்கியின் கடமை. கிடைக்காவிட்டால் கிளையில் கேளுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே ஒரு மெசேஜ் வர வேண்டும்; அதிலிருந்தே அந்தக் கட்டணத்தை மறுக்கலாம். அம்மாவுக்கும் வந்திருந்தது, லோன் விளம்பரங்களுக்கு நடுவில்.

வெளிநாட்டுக் கடைகள் இன்னும் ஆபத்து, பல இடங்களில் ஓடிபியே கேட்பதில்லை. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள், தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். அதில் போலி எண்கள் ஏராளம். ஆப்புக்குள்ளே இருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள்.

யாரென்றே தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடித்துவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள். வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாத மோசடியில், பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை என்பது 2017 முதல் விதி. கடையோடு தகராறு என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நான் அங்கே புகார் பதிந்த பிறகுதான் இரண்டாவது ₹499 திரும்பி வந்தது. முதலாவதுக்கு ‘பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது’ என்று பதில். அந்தப் புகாரை இன்னும் மூடவில்லை.