கேப்புக்கு அடியில் நடந்த வேலை: என் கோர் பில்டப் அனுபவம்

ரூட் கேனல் முடிந்தபோது என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கன்னப் பக்கச் சுவரும் பின்பக்கம் கொஞ்சமும்தான் மிச்சம். நாக்குப் பக்கத்தைச் சொத்தை தின்றுவிட்டது. அப்படியே கேப் போட்டால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இழந்த பாகத்தை உள்ளிருந்து கட்டி எழுப்புவதுதான் கோர் பில்டப். இந்த கிளினிக்கில் அதை மிகப் பொறுப்பாகச் செய்தார்கள்.

முதலில் எனக்குப் பிடித்தது, டாக்டர் போஸ்ட் (வேருக்குள் இறக்கி வைக்கும் சின்னத் தண்டு) வேண்டாம் என்றது. போஸ்ட் வைத்தால் பல்லுக்குப் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அது கோரைப் பிடித்து நிறுத்தத்தான். அதற்காக வேருக்குள் குடைந்தால் வேர்ச்சுவர் மெலிந்து விரிசல் விட வாய்ப்பு அதிகம். கடைவாய்ப் பல்லின் உள்ளறை பெரியது, கோர் பிடித்து நிற்க என் பல்லில் அதுவே போதும் என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். முன்பல்லில் பாதிக்கு மேல் போயிருந்தால் கதை வேறு, அங்கே ஃபைபர் போஸ்ட் தேவைப்படலாம் என்றும் சொன்னார்.

அடுத்தது ரப்பர் டேம். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டிய பிறகுதான் தற்காலிக சிமெண்டையே எடுத்தார். எச்சில் உள்ளே கசிந்தால் சுத்தம் செய்த கால்வாயில் மறுபடி கிருமி சேரும். ஈரம் பட்டால் பல்லை நிரப்பும் பிசின் கலவையான காம்போசிட்டும் சரியாக ஒட்டாது. பழைய சிமெண்டைத் துளிகூட விடாமல் சுரண்டி, ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, ஒட்டுப் பசையான பாண்ட் பூசி, அப்புறம்தான் நிரப்பினார். ஒளி எட்டாத ஆழத்திலும் தானாக இறுகும் டூயல் க்யூர் காம்போசிட் அது.

கேப்புக்காகச் செதுக்கும்போது ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மி.மீ. அளவுக்குச் சொந்தப் பல் இருக்கிறதா என்று அளந்து பார்த்தார். கேப் அந்த விளிம்பைக் கவ்வினால்தான் பல் பிளக்காமல் தாங்குமாம். நாக்குப் பக்கம் குறைந்ததால் ஈறைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அப்போது தெரியவில்லை, அன்று இரவு நன்றாகவே வலித்தது.

குறைகளும் உண்டு. வாயை நெடுநேரம் திறந்து வைத்ததில் தாடை கடுத்தது; நடுவில் ஒரு ஓய்வு கொடுத்திருக்கலாம். மரப்பு விட்டதும் கடித்தால் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தது. மறுபடி போய், நீலத் தாள் கடிக்க வைத்து உயரம் குறைத்த பின்தான் நிம்மதி. எனக்குப் பெரிய வருத்தம் வரவேற்பறையில்தான். கேப்புக்கு வெகுநாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள். கேப் இல்லாத கடைவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தில் உடையக்கூடும் என்று டாக்டரே சொல்லியிருந்தாரே! அதைச் சொல்லி வற்புறுத்தித்தான் தேதியை முன்னே நகர்த்த முடிந்தது. இங்கே போகிறவர்கள் கோர் வைக்கிற அன்றே கேப்புக்கான தேதியையும் டாக்டரிடமே நேராகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.