பிளான்ட்நெட் செயலியும் மத்தியதரைக் கடலோர முட்கொடியும்

மத்தியதரைக் கடலோரப் புதர்க்காட்டில் எந்நேரமும் பச்சையாக ஓக் புதர்மேல் படர்ந்து, போகிற வருகிறவர் காற்சட்டையைப் பிடித்து இழுக்கும் கொடி பெரும்பாலும் ஸ்மைலாக்ஸ் அஸ்பெராதான். பறங்கிப்பட்டை தரும் கொடியும் இதே பேரினம். இதை அடையாளம் காண, படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் பிளான்ட்நெட் செயலி போதுமா என்றால், போதும். இலையை மட்டும் படமெடுத்து அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

இலைதான் இங்கே ஏமாற்றுகிறது. வெயிலில் இருப்பது குறுகி, ஓரமெல்லாம் முள்ளோடு நிற்கும். நிழலில் இருப்பது அகன்ற இதய வடிவில், முள் ஏறக்குறைய இல்லாமல் இருக்கும். மேற்பரப்பு தோல்போலத் தடித்துப் பளபளப்பதால் உச்சி வெயிலில் படத்தில் வெளிறிவிடும், நரம்பு பதியாது. இத்தாலியில் இதற்கு ‘முள் ஐவி’ என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. மனிதக் கண்ணுக்கே ஐவி என்ற வேறொரு கொடி நினைவு வரும்போது செயலியை மட்டும் திட்டி என்ன பயன்?

ஒரே தேடலில் பல படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் இலையா, பூவா, காயா என்று குறிக்க முடிவது செயலியின் பெரிய பலம். முதல் படம் இலைக்காம்பின் அடிப்பகுதி. அங்கே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பற்றுக்கம்பிகள் கிளம்பிச் சுருண்டிருக்கும். இந்த ஜோடி கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது: ஐவி வேரால் ஒட்டி ஏறும், பிளாக் பிரையனி என்ற இன்னொரு கொடி தன் தண்டாலேயே சுற்றி ஏறும், இரண்டுக்கும் பற்றுக்கம்பி கிடையாது. பின்னால் வெள்ளைத்தாள் பிடிக்காவிட்டால் ஃபோகஸ் பின்புதருக்கு ஓடிவிடும். அடுத்து இலையைத் திருப்பி, நடுநரம்பில் இருக்கும் முட்களையும், அடியிலிருந்து நுனிநோக்கி வளைந்து ஓடும் பெருநரம்புகளையும் எடுங்கள். பிறகு கணுவுக்குக் கணு திசைமாறும் முள்தண்டு. செப்டம்பர், அக்டோபரில் ஆறு இதழ் வெண்பூக்கொத்தும் கிடைக்கும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடியில் காய் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

இலைகள் எதிரெதிராக இருந்தாலோ, கணுவைச் சுற்றி வட்டமாக இருந்தாலோ இது வேறு செடி. செயலி முதலில் காட்டும் பெயர் எதுவானாலும் நம்பாதீர்கள். பக்கத்தில் வரும் விழுக்காடு படத்தின் ஒப்புமையைச் சொல்வது, தீர்ப்பு அல்ல.

மதிப்பெண்: நான்கு படத்துக்கு 5க்கு 4, ஒற்றை இலைக்கு 2. சிவந்த பழக்கொத்து ஒன்றை மட்டும் அனுப்புவது அதைவிட மோசம். ஸ்மைலாக்ஸ் பழம் சிவந்து பிறகு கறுக்கும். பிளாக் பிரையனி பழம் சிவப்போடு நின்றுவிடும், அது நஞ்சு.