மாக்கிட்டோ ஆர்குமெண்ட் மேட்சர்கள்: பல வருஷம் புழங்கிய பிறகு

ஜாவாவில் டெஸ்ட் எழுதுகிறவர்களில், உண்மையான ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாகப் போலி ஆப்ஜெக்ட் (மாக்) செய்து தரும் லைப்ரரியான மாக்கிட்டோவைத் தொடாதவர்கள் குறைவு. 1.10 ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து இன்றைய 5 வரைக்கும் பில்லிங், பணப்பரிமாற்றம் போன்ற சர்வீஸ்களில் அதைத்தான் பயன்படுத்தி வருகிறேன். மாக் உருவாக்குவது, ஸ்டப் செய்வது (அதன் மெத்தட் எதைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது) பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு மூலையைப் பற்றி: ஆர்குமெண்ட் இதுதான் என்று கறாராகச் சொல்லாமல், "இந்த மாதிரி ஒன்று வந்தால் போதும்" என்று சொல்ல உதவும் மேட்சர்கள்.

வசதியில் குறையே இல்லை. கோளாறு என்னவென்றால், அத்தனை மேட்சர்கள் இருந்தும் எல்லோர் கையும் எது வந்தாலும் ஏற்கும் எனி() பக்கமே போகிறது. டிரான்ஸ்ஃபர் என்று ஒரு மெத்தட். அனுப்புபவர் கணக்கு, பெறுபவர் கணக்கு, தொகை என்று மூன்று ஆர்குமெண்ட். முதல் இரண்டும் ஸ்ட்ரிங். மெத்தட் கூப்பிடப்பட்டதா என்று சரிபார்க்கும் வெரிஃபையில் எனிஸ்ட்ரிங், எனிஸ்ட்ரிங், எனி என்று போட்டால் டெஸ்ட் பச்சை. கோடில் இரண்டு கணக்கையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் பச்சைதான். பணம் எதிர்த்திசையில் போகும், டெஸ்ட் அமைதியாக இருக்கும். ரிவ்யூவில் இப்படி ஒரு வெரிஃபை கண்ணில் பட்டால் நான் அப்ரூவ் செய்வதில்லை.

நாளடைவில் எனக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஃபைண்ட்பைஐடி மாதிரி, தகவல் எடுத்து வரும் மெத்தட் என்றால் ஸ்டப்பிலேயே சரியான மதிப்பைக் கொடுத்துவிடுவேன். கோட் வேறு ஐடியைக் கேட்டால் காலியான ஆப்ஷனல்தான் திரும்ப வரும், டெஸ்ட் தானாகவே விழும். அங்கே தனியாக வெரிஃபை எழுதுவது வீண் வேலை. மெயில் அனுப்பு, பணம் பிடி என்று வெளியே ஏதாவது செய்யும் மெத்தட்டுக்கு நேர்மாறு: ஸ்டப் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை, வெரிஃபை இறுக்கமாக இருக்க வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஆர்குமெண்ட்டுக்கு மேட்சர், இன்னொன்றுக்கு நேரடி மதிப்பு என்று கலந்து எழுதினால் "2 மேட்சர் எதிர்பார்த்தேன், 1 தான் பதிவாகியிருக்கிறது" என்கிற ரீதியில் ஒரு எக்ஸெப்ஷன் வரும். நேரடி மதிப்பை, "இதற்குச் சமமாக இருக்க வேண்டும்" என்று சொல்லும் ஈக்யூ() மேட்சருக்குள் போட்டால் சரியாகிவிடும். ஏன் என்று தெரிந்துவைத்தால் மற்ற விசித்திரங்களும் புரியும். எனிஸ்ட்ரிங் என்பது சாதாரண ஸ்டாட்டிக் மெத்தட். மாக்குக்கு அது கொடுப்பது ஒரு வெற்று ஸ்ட்ரிங் மட்டுமே. உண்மையான மேட்சரை அது அந்தத் த்ரெட்டுக்கான ஒரு ஸ்டாக்கில் ஓரமாக வைத்துவிடுகிறது. பிறகு மாக் மெத்தட் கூப்பிடப்படும்போது ஸ்டாக்கில் எத்தனை இருக்கிறது என்று மாக்கிட்டோ எண்ணிப் பார்க்கிறது. மூன்று ஆர்குமெண்ட்டுக்கு இரண்டு மேட்சர் என்றால் எது யாருக்கு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, அதனால்தான் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற விதி. ஈஸிமாக் என்ற முந்தைய மாக் லைப்ரரியிலும் இதே கதைதான். மாக்கிட்டோ அதிலிருந்து கிளைத்து வந்தது, இதுவும் கூடவே வந்துவிட்டது.

இதனால் வரும் எரிச்சல்களில் பெரியது, தப்பு ஒரு டெஸ்ட்டில், அலறல் அடுத்த டெஸ்ட்டில். மாக் இல்லாத ஆப்ஜெக்ட்டின் மெத்தட்டுக்குள் யாராவது எனி() போட்டுவிட்டால் அந்த மேட்சர் ஸ்டாக்கிலேயே தங்கிவிடும், பிறகு சம்பந்தமே இல்லாத இன்னொரு டெஸ்ட் விழும். ஜேயூனிட் 5-க்கான மாக்கிட்டோ எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் இது சரிபார்க்கப்படுகிறது. இன்ட் கேட்கும் இடத்தில் வெறும் எனி() கொடுத்தால் நல்பாயிண்டர் வருவதற்கும் இதே காரணம்: எனி() திருப்பித் தருவது நல் (null, மதிப்பே இல்லாதது), அதை இன்ட்டாக மாற்ற முடியாது. அங்கே எனிஇன்ட் போட வேண்டும். கோட்லின்காரர்கள் இதே நல்லால் இன்னும் அதிகம் அவதிப்படுவார்கள், மாக்கிட்டோ-கோட்லின் என்ற துணை லைப்ரரி இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

பதிப்பு மாற்றங்களில் உண்மையில் உலுக்கியது 2016-ல் வந்த 2-ஆம் பதிப்பு. அதுவரை எனிஸ்ட்ரிங் நல்லையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஏற்பதில்லை. அப்கிரேட் செய்த அன்று சிவப்பான டெஸ்ட்களைப் பார்த்து எங்கள் டீமில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் "இங்கே ஏன் நல் போகிறது?" என்று கேட்க வேண்டிய இடங்கள். நல் வரலாம் என்பது உண்மையான இடங்களில் நல்லபிள் என்ற மேட்சரைப் போட்டோம். வெறும் எனி() மட்டும் இன்றுவரை நல்லையும் விழுங்கும்.

பணத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பிக்டெசிமலில் 250.5-ம் 250.50-ம் ஈக்வல்ஸ் கணக்கில் வேறு வேறு, ஏனென்றால் தசம இடங்களின் எண்ணிக்கையும் ஒப்பிடப்படுகிறது. ஈக்யூ() ஈக்வல்ஸைத்தான் நம்புகிறது, ஆக வெரிஃபை விழும். இந்த இடத்தில் சலித்துப்போய் எனி() போட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. அடிஷனல்மேட்சர்ஸ் என்ற கிளாஸில் சிஎம்பிஈக்யூ என்று ஒன்று இருக்கிறது, கம்பேர்டூ வைத்து ஒப்பிடும். அதே கிளாஸில் பெரியது, சிறியது, டபுளுக்கு டெல்டா என்று உருப்படியான சாமான்கள் நிறைய. தேடிப் போகிறவர்கள்தான் இல்லை.

அப்புறம் ஆர்குமெண்ட்கேப்டர்: மாக்குக்கு வந்த ஆர்குமெண்ட்டைப் பிடித்துவைத்து, பிறகு பார்க்கத் தருவது. சிக்கலான ஆப்ஜெக்ட்டை வெரிஃபை செய்ய எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் அது பிடித்துவைப்பது ரெஃபரன்ஸை மட்டும், நகலை அல்ல. கோட் மூன்று இன்வாய்ஸ் உள்ள லிஸ்ட்டை பப்ளிஷ் செய்துவிட்டு அடுத்த வரியில் அதே லிஸ்ட்டை கிளியர் செய்கிறது என்று வையுங்கள். டெஸ்ட்டில் கேப்டரைத் திறந்தால் காலி லிஸ்ட். ஈக்யூ() போட்டாலும் இதே கதி, ஏனென்றால் வெரிஃபை நடப்பது எல்லாம் முடிந்த பிறகு. டூஆன்சர் வைத்து, கூப்பிடப்படும் கணத்திலேயே லிஸ்ட்டை நகலெடுத்துக்கொள்வதுதான் வழி. அல்லது கோடிலேயே லிஸ்ட்டை நகலெடுத்து அனுப்பச் சொல்லலாம், நான் பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான் வாதாடுவேன்.

நிபந்தனையை நாமே எழுதிக் கொடுக்கும் ஆர்க்தட் லாம்டா எழுதச் சுகம், விழும்போது நரகம். ஐந்து நிபந்தனையை அண்ட் போட்டு அடுக்கியிருந்தால் எது தப்பு என்று செய்தியில் ஒரு வார்த்தை இருக்காது. 2023-ல் 5.3-ல் வந்த அசெர்ட்ஆர்க் இந்தக் குறையைத் தீர்த்தது: உள்ளே அசெர்ட்ஜே என்ற சரிபார்ப்பு லைப்ரரியின் வரிகளை அப்படியே எழுதலாம், எந்தப் புலம் ஒத்துப்போகவில்லை என்று தெளிவாகச் சொல்லும். ஒரு கவனம்: அதே மெத்தட் வேறு வேறு ஆர்குமெண்ட்டோடு பல முறை கூப்பிடப்பட்டால், ஒத்துப்போகாத முதல் அழைப்பிலேயே அசெர்ஷன் வெடித்துவிடும், அடுத்ததைப் பார்க்காது. அந்த மாதிரி இடங்களில் இன்னும் ஆர்க்தட்தான்.

எத்தனை ஆர்குமெண்ட் வந்தாலும் ஏற்கும் வேரார்க்ஸ் மெத்தட்களில் 5-ஆம் பதிப்பிலிருந்து எனி() ஒரே ஒரு ஆர்குமெண்ட்டுக்குத்தான் பொருந்தும். எத்தனை வந்தாலும் சரி என்றால் அரே கிளாஸைக் கொடுத்து எனி எழுத வேண்டும். பழைய டெஸ்ட்களைக் கொண்டு வருகிறவர்கள் இதை முதலில் தேடித் திருத்திவிடுங்கள்.

ஸ்டப் வரிசையும் முக்கியம். பொருந்துகிற ஸ்டப்களில் கடைசியாக எழுதியதுதான் ஜெயிக்கும். பொதுவானதை மேலே, குறிப்பானதைக் கீழே எழுதுங்கள். செட்டப்பில் எனி(), டெஸ்ட்டுக்குள் ஈக்யூ() என்று வைத்தால் அழகாக வேலை செய்யும். தலைகீழானால் குறிப்பான ஸ்டப் இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்படி ஒரே ரெப்பாஸிட்டரிக்கு நாலைந்து ஸ்டப் அடுக்க வேண்டி வந்தால் நான் மாக்கை எடுத்துவிட்டு ஒரு ஹாஷ்மேப் வைத்த சின்ன ஃபேக் கிளாஸ் எழுதிவிடுகிறேன். முப்பது வரிகூட வராது, அதற்கு மேட்சரும் தேவைப்படாது.