‘ஆல்புமின் நில்’ என்று வந்தாலும் ‘ஏசிஆர்’ யூரின் டெஸ்ட்டைக் கேட்டு எடுங்கள்

என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 56. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். வருடா வருடம் யூரின் டெஸ்ட் எடுப்பாள். ‘ஆல்புமின்: நில்’, அதாவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை என்றுதான் வரும், நாங்களும் நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டர் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் சுகர் இருக்கே, ஏசிஆர் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். அன்றுதான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டேன். சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தைப் பார்க்கும் டெஸ்ட் அது.

எங்கள் ஏரியா லேபில் வீட்டுக்கே வந்து சாம்பிள் வாங்கிக்கொள்ள 450 ரூபாய். போனில் பேசிய பெண் அதைச் சாதாரண யூரின் டெஸ்ட் என்றே பதிவு செய்தார். இரண்டு முறை சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. சாதாரண டெஸ்ட்டில் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார்கள். கொஞ்சமாகக் கசியும் ஆல்புமின் அதில் தெரியாது. ஏசிஆரில் ஆல்புமினை அளந்து, அதே சிறுநீரில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுக்கிறார்கள். அதனால் தண்ணீர் கூடக் குறையக் குடித்திருந்தாலும் கணக்கு பெரிதாகத் தப்பாது.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் இதற்கு நல்லது. லேபில் யாரும் அதைச் சொல்லவில்லை, டப்பாவும் முன்கூட்டித் தரவில்லை. பையன் வந்ததே பத்து மணிக்கு. நான் வேகநடை முடித்து வந்திருந்தேன். கடுமையான உடற்பயிற்சி, காய்ச்சல், சிறுநீர்த்தொற்று எல்லாமே அளவை ஏற்றிக் காட்டும். டப்பாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலை கொடுத்தேன்.

ரிப்போர்ட் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்தது. ஆல்புமின் லிட்டருக்கு 62 மில்லிகிராம், கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 95 மில்லிகிராம், விகிதம் 65 (ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் ஆல்புமின்). மூன்றையும் தனித்தனியாகப் போட்டிருந்தது பிடித்திருந்தது. 30க்குள் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியேட்டினின் எனக்கு நார்மல்தான், ஆனாலும் கசிகிறது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்திலும் மூளையிலும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் வேகமாக, நிறையப் பாய்கிறது. குழாயின் உள்சுவர் பழுதானால் சிறுநீரில் முதலில் தெரிந்துவிடும், மூளையில் வெளியே தெரியாது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் கவனித்த ஆய்விலும், ஆரம்பக் கசிவு இருந்தவர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வந்ததாம். கசிவு இருந்தால் பக்கவாதம் வந்தே தீரும் என்றில்லை, பிரஷரையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் எச்சரிக்கை அது என்றார். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். 58 வந்தது. அப்புறம்தான் பிரஷர் மாத்திரையை டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார்.

டெஸ்ட்டுக்கு ஐந்து நட்சத்திரம். லேபுக்கு மூன்று.

போன மாதம் அக்காவுக்கும் எடுத்தோம். 210. அதே லேப்தான், டப்பாவை மட்டும் முந்தின நாள் மாலையே நான் போய் வாங்கி வந்துவிட்டேன்.