கழுத்தில் அறுவை, மூளைக்கு ஸ்கேன்: மதுரையில் மூன்று வாரங்கள்

டொராண்டோவிலிருந்து நான் மதுரைக்கு வந்த நான்காம் நாள் காலையில் காப்பி டம்ளர் அப்பாவின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. பத்து நிமிடம் பேச்சுக் குழறியது. பிறகு எதுவும் நடவாததுபோல் செய்தித்தாளைக் கேட்டார். பித்த மயக்கம் என்று சொன்னவரை வற்புறுத்தித்தான் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

ரத்த ஓட்டத்தை ஒலியலைகளால் அளக்கும் டாப்ளர் பரிசோதனையில் இடது கழுத்துத் தமனியில் 80 விழுக்காடு அடைப்புத் தெரிந்தது. மருத்துவர் அத்துடன் நிற்காமல் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். டிஃப்யூஷன் என்னும் வகைப் படத்தில், மூளையின் இடப்பக்கத்தில், அரிசி நொய்போல மூன்று வெண்புள்ளிகள் இருந்தன. அவ்வகைப் புள்ளி ஏறத்தாழ இரண்டு வாரம் வரைதான் பளிச்சென்று தெரியுமாம். ஆகவே சேதம் புதியது, வலது கையை ஆளும் பக்கத்தது, அடைப்பிலிருந்து துகள்கள் மேலேறுகின்றன என்பது உறுதியாயிற்று. இத்தகைய நோயாளிக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பிருந்தால், அதைக் கழுத்தில் திறந்து நீக்கும் அறுவை சிகிச்சை பக்கவாதத்தைத் தடுக்கிறது என்பதை வட அமெரிக்க ஆய்வொன்று 1991இலேயே காட்டிவிட்டது. முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பலன் அதிகம். சேதம் பெரிதாக இருந்திருந்தால், திடீரென்று பாயும் ரத்தம் அங்கே கசியக்கூடும் என்பதால் நாளைத் தள்ளியிருப்பார்களாம்.

கத்தி வைக்காமல், தமனியை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைப் பொருத்தலாமே என்று அண்ணன் கேட்டார். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்டென்ட் பொருத்தியவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் எம்.ஆர்.ஐ.யில் புதிய புள்ளிகள் தோன்றியிருந்தன. பெரும்பாலோருக்கு வெளியில் அறிகுறி எதுவும் இல்லை என்றாலும், 70 வயதைத் தாண்டிய அப்பாவுக்கு அறுவையே மேல் என்று முடிவாயிற்று.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் இடது கண்ணுக்கு மேல் கடுமையான தலைவலி; ரத்த அழுத்தம் 180. நெடுநாள் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய நாளங்களால், அடைப்பு நீங்கியதும் வரும் வேகத்தைச் சில வேளை கட்டுப்படுத்த முடிவதில்லை. வீக்கம், வலிப்பு, ரத்தக்கசிவு வரை போகக்கூடும். உடனே எடுத்த சி.டி. ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனால் ஓரிடம் மங்கலாகத் தெரிந்தது. அது பழையதா, புதியதா?

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முதல் ஸ்கேனை எடுத்த மையம் ஒரே ஃபிலிமில் படங்களைத் தபால்தலை அளவில் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. குறுந்தகடோ எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. அத்தான் நேரில் போய் முழுப் படங்களையும் வாங்கி வர அரை நாள் ஆயிற்று. ஒப்பிட்டுப் பார்த்ததில் மங்கல் பழைய புள்ளிகள் இருந்த இடந்தான். அதற்குள் மருந்தில் அழுத்தம் 140க்கு இறங்கி, தலைவலியும் விட்டிருந்தது.

இப்போது எல்லாப் படங்களும் இரண்டு பென் டிரைவ்களில் இருக்கின்றன: ஒன்று பீரோவில் குடும்ப அட்டையோடு, மற்றொன்று என்னிடம்.